முழுச் சூரிய கிரகணம் பார்க்க சிட்னி வரை செல்ல வேண்டுமா?

பாயான் லெப்பாஸ் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். 2019 டிசம்பர் 26 அன்று எங்கள் அடுக்குமாடி வாசலில் மகளோடு நின்று பகுதிக் கிரகணம் பார்த்தேன். மரத்தடியில் விழுந்த வெயில் பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாக மாறியதை அவள் இன்றும் சொல்கிறாள். 2028 ஜூலை 22 அன்று சிட்னியில் முழுக் கிரகணம் தெரியும் என்பதால் அவளை அழைத்துச் செல்ல எண்ணுகிறேன். சூரியனின் பெரும்பகுதி மறைந்ததைப் பினாங்கிலேயே பார்த்தாயிற்று. அத்தனை செலவுக்கு அங்கே புதிதாக என்ன இருக்கிறது?

செந்தூல் வாசகர்:
சகோதரி, அவை இரண்டும் முற்றிலும் வேறான காட்சிகள். சூரியனைச் சூழ்ந்துள்ள மெல்லிய வெளி வளிமண்டலமான கொரோனா, சூரிய வட்டத்தைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு மங்கலானது என்பதால், நூற்றில் ஒரு பங்கு சூரியன் எஞ்சியிருந்தாலும் அது கண்ணுக்குப் புலப்படாது. 2016 மார்ச் 9 காலை கோலாலம்பூரில் பகுதிக் கிரகணமே தெரியும் என்று அறிந்து, நான் இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவுக்குச் சென்றேன். கடைசி ஒளித்துளி அணைந்த கணமே கரிய வட்டத்தைச் சுற்றி வெண்பட்டு இழைபோல் ஒளி விரிந்தது. அதற்கு மேலே வெள்ளிக் கோள் சுடர்விட்டது. இரண்டு நிமிடம்தான். கேமராவைத் தொட எனக்கு மனம் வரவில்லை. கட்டாயம் மகளை அழைத்துச் செல்லுங்கள்.

ஜார்ஜ்டவுன் வாசகர்:
முழுக் கிரகணத்தைத் தேடிப் பயணம் போகும் வழக்கம் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் மோங்குட் தாமே கணித்து, வா கோ கடற்கரைக்குப் பிரெஞ்சு வானியலாளர்களையும், அன்று பினாங்கும் அடங்கியிருந்த நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஹாரி ஓர்டையும் அழைத்தார். கணிப்பு பொய்க்கவில்லை, ஆனால் அந்தப் பயணத்தில் பற்றிய மலேரியாவால் அக்டோபர் 1 அன்று மன்னர் காலமானார். நிலவின் அதே நிழல் அன்று முதலில் இந்தியாவைக் கடந்தபோது, சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் அதற்காகக் காத்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் பொங்கும்.

பட்டர்வொர்த் ஆசிரியை:
கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடியை மட்டும் வாங்குங்கள். கறுப்புக் கண்ணாடியும் எக்ஸ்ரே படச்சுருளும் உதவா. சூரியன் முழுதாக மறைந்திருக்கும்போது மட்டும் கிரகணக் கண்ணாடியைக் கழற்றலாம், கழற்றினால்தான் கொரோனா தெரியும். விளிம்பில் ஒளி கீற்றாக எட்டிப்பார்த்ததும் உடனே அணிந்துகொள்ள வேண்டும். இதை மகளிடம் இப்போதே பழக்குங்கள். சிட்னியில் பிற்பகல் 2 மணியளவில் மூன்று நிமிடத்துக்கு மேல் முழுக் கிரகணம் நீடிக்கும். அங்கே அது குளிர்காலம், சூரியன் வடக்கு வானில் தாழ்ந்தே இருக்கும்; ஆகவே வடக்கே உயர்ந்த கட்டடம் மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.