சீரியல் கன்வெர்ட்டர் வாங்கிய அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

எடைமேடை சர்வீஸ், சங்ககிரி:

லாரி ஏறி நின்றதும் இண்டிகேட்டரில் (எடை காட்டும் கருவி) தெரியும் எடை ஆர்எஸ்-232 என்ற பழைய வகை சீரியல் கேபிள் வழியாக கம்ப்யூட்டருக்கு வர வேண்டும், பில் அடிக்க வேண்டும். எங்கள் வேலை அவ்வளவுதான். போன வருடம் ஓர் இடத்தில் பழைய கம்ப்யூட்டர் போய்ப் புதிது வாங்கினார்கள், அதில் அந்தக் கேபிளைச் செருகும் ஒன்பது பின் போர்ட்டே இல்லை. அவசரத்துக்குக் கடையில் இருந்த சீரியல் கேபிளை யுஎஸ்பியில் இணைக்கும் விலை குறைந்த கன்வெர்ட்டரை மாட்டிவிட்டு வந்துவிட்டேன். பத்து நாள் நன்றாக ஓடியது. அப்புறம் விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் காலை ஆறு மணிக்கு போன், எடை வரவில்லை என்று. போய்ப் பார்த்தால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 10, அதாவது கருவி இயங்கவில்லை. உள்ளே இருந்தது போலி சிப், புதிய டிரைவர் (கன்வெர்ட்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) அதை ஏற்கவில்லை. பழைய டிரைவரைப் போட்டு ஓட்டினேன், அடுத்த அப்டேட்டில் மறுபடியும் அதே. வெளியே லாரிகள் வரிசையில் நிற்க, உள்ளே ஒருவர் எடையைக் கையால் எழுதிக்கொண்டிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

போலி சிப் விஷயம் புதிதல்ல. 2014-இல், இந்த வகை சிப் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர், போலி எஃப்டி232 சிப்களின் அடையாள எண்ணையே பூஜ்ஜியமாக மாற்றி, அவற்றை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டது, விண்டோஸ் அப்டேட் வழியாகவே அது பலருக்கும் போய்ச் சேர்ந்தது. வாங்கியவருக்கு அது போலி என்று தெரிந்திருக்கவே வழியில்லை. அதனால் இப்போது அட்டையில் இருக்கும் பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளே என்ன சிப் என்று கேட்கிறேன். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்குவதில்லை.

இன்னொன்று, காம் நம்பர், அதாவது கன்வெர்ட்டருக்கு விண்டோஸ் கொடுக்கும் போர்ட் எண். சிப்புக்குள் தனி சீரியல் நம்பர் இருந்தால் எந்த யுஎஸ்பி ஓட்டையில் செருகினாலும் அதே காம் நம்பர்தான் வரும். இல்லாவிட்டால் கூட்டிப் பெருக்குகிறவர் கழற்றி வேறு ஓட்டையில் செருகிய அன்று காம்3 என்பது காம்7 ஆகிவிடும், பில் சாஃப்ட்வேர் நின்றுவிடும். ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் இதற்காகவே நல்லதை வாங்கலாம்.

சிஎன்சி ஆபரேட்டர், கோவை:

அண்ணா, எங்களுக்கு டிரைவர் பிரச்சினையே இல்லை, ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து மெஷினுக்குப் பெரிய புரோகிராம் ஏற்றும்போது பாதியில் அதன் ஃபேனக் கன்ட்ரோலில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) 87 அலாரம். சின்ன புரோகிராம் ஒழுங்காக ஏறும். கேபிளை இரண்டு முறை மாற்றினோம், பாட் ரேட்டைக் (டேட்டா போகும் வேகம்) குறைத்தோம், மூன்று நாள் போனது. கடைசியில் புரிந்தது: மெஷின் "நிறுத்து" என்று எக்ஸ்-ஆஃப் அனுப்பிய பிறகும் எங்கள் கன்வெர்ட்டர் கையில் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் தள்ளிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொன்ன பிறகு பத்து எழுத்துக்கு மேல் வந்தால் அந்த கன்ட்ரோல் ஏற்காது. எக்ஸ்-ஆன் ("மறுபடி அனுப்பு"), எக்ஸ்-ஆஃப் இரண்டையும் சிப்பே கவனித்துக்கொள்ளும் கன்வெர்ட்டராக, அசல் எஃப்டி232ஆர் போட்டது, வாங்கி மாட்டினோம், அதோடு சரி.

இன்னொரு பையன் 150 ரூபாய்க்கு சின்ன போர்டு ஒன்று வாங்கி வந்தான். அது டிடிஎல், அதாவது சர்க்யூட் போர்டுகளுக்கான 5 வோல்ட் சிக்னல். ஆர்எஸ்-232 கோட்டில் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் 15 வோல்ட் வரைகூட வரலாம், நேராக இணைத்தால் போர்டு போய்விடும். நடுவில் வோல்ட்டை மாற்றித் தரும் மேக்ஸ்3232 மாதிரி ஒரு சிப் இருக்க வேண்டும். தயவுசெய்து வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

எடைமேடை சர்வீஸ், சங்ககிரி:

நல்லவேளை சொன்னீர்கள் தம்பி. எக்ஸ்-ஆஃப் விஷயம் எனக்கு வந்ததில்லை, இண்டிகேட்டர் அனுப்புவதோடு சரி. புதிதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே கன்வெர்ட்டரின் 2, 3 பின்களை ஒரு கம்பியால் இணைத்து டெர்மினல் சாஃப்ட்வேரில் எழுத்துகளைத் தட்டிப் பாருங்கள், தட்டியது திரையில் திரும்பி வர வேண்டும். கம்பியை எடுத்ததும் நின்றுவிட வேண்டும், நிற்காவிட்டால் லோக்கல் எக்கோ (தட்டியதை சாஃப்ட்வேரே திரையில் காட்டுவது) ஆனில் இருக்கிறது, அதை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.