ஜாவா 8 மெஷினுக்கு கம்பைல் செய்ய டார்கெட் போதுமா, ரிலீஸ் வேண்டுமா?

காபி_மூட்டை:
ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்கு எடை போடும் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே கிடங்கில் இருப்பது பழைய 32 பிட் விண்டோஸ் 7, அதில் ஜாவா 8. என் லேப்டாப்பில் ஜேடிகே 17, அதாவது ஜாவா 17-இன் கம்பைலரும் லைப்ரரியும் சேர்ந்த தொகுப்பு. கம்பைலர் ஆப்ஷனில் சோர்ஸ் 8, டார்கெட் 8 என்று போட்டு கம்பைல் செய்து, ஜாரை (ப்ரோகிராம் முழுவதையும் கட்டிய ஃபைல்) பென் டிரைவில் எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். ப்ரோகிராம் திறந்தது, லாகின் ஆனது, மூட்டையைத் தராசில் வைத்ததும் 'நோ சச் மெத்தட் எரர்'. பைட்பஃபரில் (டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் கிளாஸ்) ஃப்ளிப் மெத்தட் இல்லையாம். ஜாவா 8-இல் ஃப்ளிப் இருக்கிறதே! ஆள்கள் மூட்டையோடு வரிசையில் நிற்க, அன்றைக்கு எடையை நோட்டில்தான் எழுதினோம்.

கொலுசுப்பட்டறை:
தம்பி, கம்பைல் செய்யும்போது 'பூட்ஸ்ட்ராப் கிளாஸ் பாத் செட் செய்யவில்லை' என்று ஒரு வார்னிங் வந்திருக்குமே, அது இதைத்தான் சொன்னது. சோர்ஸ் என்பது மொழி இலக்கணத்தை மட்டும் பார்க்கும். டார்கெட், கம்பைல் ஆகி வரும் கிளாஸ் ஃபைலின் தலையில் ஜாவா 8-க்கான எண் 52 என்று எழுதும், 17-க்கு என்றால் 61. லைப்ரரியை இரண்டுமே தொடாது, கம்பைலர் உங்கள் ஜேடிகே 17-இன் லைப்ரரியைப் பார்த்துத்தான் கோடை உருவாக்கும். ஜாவா 8-இல் ஃப்ளிப் பஃபர் கிளாஸில் இருக்கிறது, திருப்பித் தருவதும் பஃபர்தான். ஜாவா 9-இல் அதையே பைட்பஃபரிலும் எழுதி, பைட்பஃபரைத் திருப்பித் தரும்படி மாற்றினார்கள். கிளாஸ் ஃபைலில் மெத்தட் பெயரோடு அது எதைத் திருப்பித் தருகிறது என்பதும் சேர்ந்தே பதிவாகிறது, அதனால் உங்கள் ஜார் தேடுகிற ஃப்ளிப் தோட்டத்து மெஷினில் கிடையாது. ஜேடிகே 9-இலிருந்து ரிலீஸ் என்ற ஆப்ஷன் இருக்கிறது. ரிலீஸ் 8 என்று போட்டால் சிடி.சிம் என்ற ஃபைலில் உள்ள ஜாவா 8 லைப்ரரிப் பட்டியலை வைத்தே சரிபார்க்கும். சோர்ஸ், டார்கெட் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

தறிச்சத்தம்:
இதை நான் ஏற்கவில்லை அண்ணா. ஜாவா 8-இல் ஓட வேண்டியதை ஜேடிகே 8-இலேயே கம்பைல் செய்வதுதான் முறை. அம்மாப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடைக்கான பழைய கோடில் சன்.மிஸ்க் பேக்கேஜின் பேஸ்64 என்கோடர் இருக்கிறது. ரிலீஸ் 8 போட்டேன், அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்றது. ஜாவா 8-இல் அது இருக்கத்தானே செய்கிறது? சரி, ஆர்டி.ஜாரை (ஜாவா 8-இன் லைப்ரரி ஃபைல்) காட்டலாம் என்றால், அதைக் காட்டும் பூட்கிளாஸ்பாத் ஆப்ஷனை ரிலீஸோடு சேர்த்துப் போடவே விடாது. அப்புறம், ஜேடிகே 20-இல் 7-ஐ எடுத்துவிட்டார்கள், 21-இல் 8-க்கும் வார்னிங் வருகிறது. நாளைக்கு 8-ஐயும் எடுத்தால் என்ன செய்வீர்கள்?

கொலுசுப்பட்டறை:
அந்தப் பட்டியலில் வெளியாருக்கென்று அறிவித்த கிளாஸ்கள் மட்டும்தான் இருக்கும், சன்.மிஸ்க் உள்வீட்டுச் சமாச்சாரம். ஜாவா 8-இலேயே ஜாவா.யுடில் பேக்கேஜில் பேஸ்64 வந்துவிட்டது, இரண்டு வரி மாற்றினால் முடிந்தது. மாற்றவே முடியாத கோடு என்றால் ரிலீஸ் இல்லாமல் சோர்ஸ், டார்கெட்டோடு நீங்கள் சொல்கிறபடி ஆர்டி.ஜாரைக் காட்டுங்கள், அது சரியான வழிதான். ஆனால் புதிதாக எழுதுகிறவரை ஜேடிகே 8-க்குத் திரும்பு என்று சொல்லாதீர்கள், அந்த ஆர்டி.ஜார் எந்த மெஷினில் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று பில்டுக்கு பில்டு தேடிய காலத்தை நான் மறக்கவில்லை.

தறிச்சத்தம்:
புதுக் கோடுக்கு ரிலீஸ், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பார்ப்பது நம் சோர்ஸை மட்டும். வெளியிலிருந்து சேர்க்கிற ஜார் உள்ளே ஜாவா 11 மெத்தடைக் கூப்பிட்டால் கம்பைலருக்குத் தெரியாது, ரிஃப்ளெக்‌ஷனில் (மெத்தடை ஓடும்போது பெயரால் தேடி) கூப்பிடுவதும் தெரியாது. தம்பி, ரிலீஸ் போட்டாச்சு என்று நம்பி மலை ஏறாதீர்கள். வீட்டிலேயே ஒரு ஜாவா 8 போட்டு, தராசு கேபிளையும் செருகி ஓட்டிப் பாருங்கள்.

காபி_மூட்டை:
பில்டு செய்யும் கருவியான மேவனில் சோர்ஸ், டார்கெட் இரண்டையும் எடுத்துவிட்டு ரிலீஸ் 8 போட்டேன். உடனே இரண்டு இடத்தில் கம்பைல் எரர், இரண்டுமே ஸ்ட்ரிங்கின் இஸ்பிளாங்க். அது ஜாவா 11-இல் வந்த மெத்தடாம், நேற்று வரை சத்தமில்லாமல் கம்பைல் ஆகிக்கொண்டிருந்தது. ஒன்று ரசீது அடிக்கிற இடத்தில் இருக்கிறது, ஃப்ளிப்பை மட்டும் சரிசெய்து கொண்டுபோயிருந்தால் எடை வந்திருக்கும், ரசீதில் விழுந்திருக்கும். இரண்டையும் ட்ரிம், இஸ்எம்ப்டி என்று மாற்றிவிட்டேன். கிளாஸ் ஃபைலைப் பிரித்துக் காட்டும் ஜாவாபி போட்டுப் பார்த்தேன், ஃப்ளிப் இப்போது பஃபரைத்தான் திருப்பித் தருகிறது. ஜாவா 8 டவுன்லோட் ஆகிக்கொண்டிருக்கிறது, தராசு கேபிளை நாளைக் காலையில் செருகிப் பார்க்கிறேன்.