வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளை அரசாங்கம் கண்காணிக்கலாமா? பெங்களூரில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஹொரமாவு அம்மா:

என் மகளுக்கு டிஸ்லெக்சியா, எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு. மூன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தினோம். அவ்வளவு பேர் இருக்கிற வகுப்பில் அவளுக்காக நின்று சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இல்லை. தினமும் காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே வயிற்று வலி வந்துவிடும். இப்போது பன்னிரண்டு வயது ஆகிறது. நானும் என் மாமனாரும் வீட்டில் சொல்லிக்கொடுக்கிறோம், நன்றாகவே படிக்கிறாள்.

சமீபத்தில் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தார். "யாவ ஸ்கூலு?" என்று கேட்டார். வீட்டில்தான் படிக்கிறாள் என்றேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மொபைலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வறுமை, வேலைக்குப் போவது, ஊர் மாறியது, உடல்நலம், படிப்பில் ஆர்வமில்லை என்று வரிசையாகக் காரணங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அதில் இடமே இல்லை. ஏதாவது ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது என்றார். கடைசியில் 'ஆர்வமில்லை' என்பதைத் தொட்டார். என் மகள் அந்த நேரத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து, விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு, தமிழில் ஒரு கதையைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அரசாங்கக் கணக்கில் என் பிள்ளை படிப்பில் ஆர்வமில்லாத பிள்ளை என்று பதிவாகிவிட்டதை நினைத்தால் ஆறவில்லை.

சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2002இல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி பெற வாய்ப்பு ஏற்படுத்தித் தருவது பெற்றோரின் கடமை என்று சேர்த்தார்கள். பிறகு 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதன் 10வது பிரிவு, பக்கத்துப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் சொல்லவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதுபற்றி வழக்கு நடந்தபோது, வீட்டுக் கல்விக்குச் சட்டம் குறுக்கே நிற்காது என்று மத்திய அரசு 2012இல் எழுதிக் கொடுத்தது, அப்புறம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆக, நாங்கள் செய்வது சரியா தப்பா என்று சொல்ல இன்று ஆள் இல்லை.

அரசாங்கம் எங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

கே.ஆர்.புரம், சி.ஆர்.பி.யாக (பள்ளிகளைப் பார்வையிடும் கல்வித் துறை ஊழியராக) இருந்தவன்:

மேடம், நான் அந்த மொபைலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவன். உங்களைப் போன்ற வீடுகள் மிகக் குறைவு. ஆனால் "வீட்லயே வச்சுப் படிக்க வைக்கிறோம் சார்" என்ற பதிலை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். ஒற்றை அறை, மேலே ஷீட். பத்து வயதுப் பெண்ணை அம்மா கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தினார். நோட்டைக் கொண்டு வரச் சொன்னேன். புது நோட்டு, முதல் பக்கத்தில் பெயர், அதற்குக் கீழே ஏ முதல் எம் வரை. அதற்கப்புறம் எல்லாம் வெறும் தாள். நோட்டை நீட்டிய கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கறுப்பு, நகக்கண்ணில்கூடக் கரி ஏறியிருந்தது. ஊதுபத்தி உருட்டுகிற கை. மூலையில் சாக்கைப் போட்டு மூடியிருந்த பலகையையும் மாவையும் அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அந்த அம்மாவைக் குற்றவாளியாக்க எனக்கு மனசு வரவில்லை. ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி, இரண்டு கை உருட்டினால் வாடகைக்குப் போதாது.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்று விலக்கு இருக்கிறது. பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? வீட்டையே பள்ளி என்று ஒப்புக்கொண்டு, யாரும் கேட்கக் கூடாது என்றும் விட்டுவிட்டால், அந்தப் பெண்ணின் நாள் முழுவதும் குடும்பத் தொழில்தான். நீங்கள் கேட்கிற சுதந்திரம் உங்கள் மகளுக்கு நல்லது. அதே சுதந்திரத்தை எந்தக் கேள்வியும் இல்லாமல் கொடுத்தால் இந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போகும். அதனால் கண்காணிப்பு வேண்டும் என்பேன், கண்டிப்பாக வேண்டும்.

அவளைப் பள்ளியில் சேர்த்தோம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4வது பிரிவில் வழி இருக்கிறது.

பன்னேருகட்டா சாலை:

நான் மாற்றுக் கருத்து. எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். நான் கணக்கு, எதிர்வீட்டு அக்கா அறிவியல், இன்னொருவர் கன்னடமும் வரலாறும். யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. காலையில் செருப்புகள் ஒரே வாசலில் கிடப்பதைப் பார்த்து யாரோ புகார் போட்டுவிட்டார்கள். வந்த அதிகாரி, அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துகிறீர்கள் என்றார். கல்வி உரிமைச் சட்டத்தின் 18வது பிரிவில் அதற்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், நிறுத்தாவிட்டால் நாளொன்றுக்கு 10,000 வரை. எத்தனை பிள்ளைகள் சேர்ந்தால் பள்ளி என்று கேட்டேன், அவரால் சொல்ல முடியவில்லை. கூட்டாகப் படிப்பதை நிறுத்தினோம். பிள்ளைகள் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதிவு என்று ஆரம்பித்தால் என்ன ஆகும் தெரியுமா? முதலில் ஒரு படிவம், அடுத்தது கட்டணம், அடுத்தது தனி அறை இருக்கிறதா, டீச்சருக்கு பி.எட். இருக்கிறதா என்று கேள்வி. அதற்கும் மேலே லஞ்சக் கவர். வசதி இருப்பவர்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள். சிறப்புக் குழந்தையை எந்தப் பள்ளியும் சேர்க்காமல் வேறு வழியின்றி வீட்டில் வைத்திருக்கும் அம்மாதான் அலைவார். கே.ஆர்.புரம் சார் சொன்ன பெண்ணைக் காப்பாற்ற ஏற்கெனவே சட்டம் இருந்தது, அவர் காப்பாற்றியும் விட்டார். புதுச் சட்டம் எதற்கு?

விவேக் நகர்:

வீட்டில் படித்துப் பத்தாவது, பன்னிரண்டாவது இரண்டையும் மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்.ஸில் எழுதியவன் நான். இப்போது பி.காம். படிக்கிறேன். பெற்றோர்கள் நிறையப் பேசிவிட்டீர்கள், பிள்ளையாக இருந்தவன் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கேளுங்கள்.

காகிதம் இல்லாமல் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. பஸ் பாஸுக்குப் பள்ளி முத்திரை. கிரிக்கெட் போட்டிக்குப் பள்ளியிலிருந்து போனஃபைட் சான்றிதழ். கோச் என்னை டீமில் எடுத்துவிட்டு, காகிதம் இல்லை என்று வெளியே உட்கார வைத்தார். 2018இல் திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுத முடியாது என்று அறிவித்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அதைத் தள்ளிவிட்டது, ஆனால் அந்த இடைவெளியில் டாக்டர் கனவோடு இருந்த என் தோழி அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். இந்த வீட்டில் இந்தப் பிள்ளை படிக்கிறது என்று அரசாங்கமே ஒரு தாள் கொடுத்திருந்தால் பாதித் தொல்லை இல்லை. அதனால் பன்னேருகட்டா அண்ணா, பதிவு என்றால் எங்களுக்குத் தொல்லை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. அத்தனை வருடத்தில் அம்மா அப்பா இல்லாத இடத்தில் என்னிடம் "உனக்கு இது பிடித்திருக்கிறதா?" என்று பொறுப்பில் இருக்கிற ஒருவரும் கேட்டதில்லை. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எங்கள் குழுவில் சனிக்கிழமை கப்பன் பார்க்குக்கு வருகிற ஒரு பையனுக்குப் பிடிக்கவில்லை. அப்பா ஏன் பள்ளியிலிருந்து எடுத்தார் என்று அவனுக்கே தெரியாது. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பான். அப்புறம் வருவதே நின்றுவிட்டது, வீடும் மாறிவிட்டார்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் செய்யலாம் என்று அந்த வயதில் எங்களுக்குத் தெரியவில்லை. பள்ளியில் இருந்திருந்தால் ஒரு பி.டி. மாஸ்டராவது அந்தக் கையைப் பார்த்திருப்பார்.

ஒயிட்ஃபீல்டு:

தம்பி எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. இங்கிலாந்தில் 2023இல் ஒரு பத்து வயதுச் சிறுமியை அப்பாவும் மாற்றாந்தாயும் கொன்றார்கள். முகத்துக் காயத்தைப் பள்ளி கவனித்தது. கொஞ்ச நாளில் வீட்டில் படிக்க வைக்கிறோம் என்று சொல்லிப் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கு வெளியே படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பதிவேடு வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் கொண்டுவர முனைந்ததில் அந்த வழக்குக்கும் பெரிய பங்கு உண்டு.

நான் சில வருடம் ஜெர்மனியில் இருந்தேன். அது மறுகோடி. வீட்டுக் கல்விக்கு இடமே இல்லை. பிள்ளைகளை அனுப்ப மறுத்த ஒரு குடும்பத்திடமிருந்து பிள்ளைகளைச் சில வாரம் பிரித்து வைத்தார்கள். அது சரிதான் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. விடுமுறைக்கு ஒரு நாள் முன்னால் ஊருக்குக் கிளம்பக்கூடத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத்தான் டிக்கெட் போட்டோம். அந்த அளவு இங்கே வேண்டாம், நம் ஊர் அதிகாரிகள் கையில் அதைக் கொடுத்தால் பன்னேருகட்டா சார் பயப்படுவது அப்படியே நடக்கும்.

ஜாலஹள்ளி:

ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியன். பேரன் வீட்டில்தான் படிக்கிறான், பதிமூன்று வயது. சட்டம் எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது. பத்தாவது எப்படி எழுதுவது? டி.சி. கேட்பார்களா? தமிழ் எடுக்கலாமா? யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

ஹொரமாவு அம்மா:

விவேக் நகர் தம்பி, உன் எழுத்தைப் படித்துவிட்டு மகளைத் தனியாக உட்கார வைத்துப் பேசச் சொல்லி என் அண்ணியை வரவழைத்தேன். வெளி ஆள் ஒருவர் பிள்ளையிடம் பேச வேண்டும் என்பது என் மனதில் அதற்கு முன்னால் இவ்வளவு அழுத்தமாகப் பட்டதில்லை.

பன்னேருகட்டா சார், உங்கள் பயம் நியாயம்தான். அதனால்தான் நான் கேட்பது கொஞ்சம். கட்டணம் இல்லாத பதிவு. வருடத்துக்கு ஒரு தடவை, பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். என்ன புத்தகம், எந்த முறை, எந்த நேரம் என்பதில் தலையிடக் கூடாது. நாலைந்து குடும்பம் சேர்ந்து படித்தால் அது பள்ளி ஆகாது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். அந்தக் கடைசி விதியை எழுதாமல் மற்றதை மட்டும் கொண்டுவந்தால் நானும் எதிர்ப்பேன். ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே என்கிறீர்கள். கே.ஆர்.புரம் சார் கண்டுபிடித்தது அவர் நோட்டைக் கேட்டதால், கையைக் கவனித்ததால். வேறொருவர் பட்டியலில் ஒரு காரணத்தைத் தொட்டுவிட்டுப் போயிருப்பார்.

ஜாலஹள்ளி ஐயாவுக்கு: என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பத்தாவதுக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். டி.சி. இல்லை என்று கவலைப்பட வேண்டாம், பிறப்புச் சான்றிதழைத் தயாராக வைத்திருங்கள். ஐந்து பாடம் எடுக்க வேண்டும், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். தமிழ் இருக்கிறது, என் மகளும் அதைத்தான் எடுக்கப் போகிறாள். தேர்ச்சிக்கு 33 சதவீதம். ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொரு பாடமாக முடித்துக்கொண்டே போகலாம், வருடத்துக்கு இரண்டு தடவை பொதுத் தேர்வு உண்டு. ஒப்படைப்புக்கு (அசைன்மென்ட்) தனி மதிப்பெண் இருக்கிறது, அதைச் சும்மா விட்டுவிடாதீர்கள். பேரனுக்குக் கையெழுத்து மெதுவாக வரும் என்றால் இப்போதே கடிகாரம் வைத்து எழுதிப் பழக்குங்கள், வீட்டில் படிக்கும் பிள்ளைகள் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதத்தான் ரொம்பத் திணறுகிறார்கள்.