ரெமிங்டன் 1858, கன்வெர்ஷன் சிலிண்டர்: உள்ள காலியானு எப்படி பாக்குறது?

மடிவாளா மணி:
அடுத்த மாசம் ஆஃபீஸ் வேலையா டெக்ஸாஸ் போறேன். அங்க என் மச்சான் ஒரு ரெமிங்டன் 1858 ரிவால்வர் ரெப்ளிகா வச்சிருக்கார், கருமருந்து கெட்டிச்சு சுடுற பழைய மாடல், அதுல கன்வெர்ஷன் சிலிண்டர், அதாவது தோட்டா போடுற மாதிரி மாத்துன உருளை, மாட்டி .45 கோல்ட் தோட்டா போட்டு சுடுறாராம், ரேஞ்சுக்கு வாங்கனு ஒரே நச்சரிப்பு. நான் ஏர் பிஸ்டல் தவிர எதையும் தொட்டதில்ல. படத்துல வர்ற மாதிரி இதுல சிலிண்டர் பக்கவாட்டுல சாயாதாமே, அப்போ உள்ள தோட்டா இருக்கா இல்லையானு எப்படி கண்டுபிடிக்கிறது?

சிவாஜிநகர் பாய்:
சிலிண்டருக்குப் பின்னாடி வலது பக்கம் கேட், தோட்டா போடுற சின்ன கதவு, இருக்கும் குரு. ஹேமரை (பின்னாடி இருக்கிற சுத்தியல்) ஹாஃப் காக்ல, அதாவது பாதி இழுத்த நிலைல, வச்சு கேட்டைத் திறந்து 6 கிளிக் சுத்து, எல்லாம் காலியானா முடிஞ்சது.

அல்சூர் அண்ணாச்சி:
பாய், அந்த 6 கணக்கை நம்பாதீங்க. கிர்ஸ்ட், ஹவல்னு ரெண்டு கம்பெனி சிலிண்டர் இருக்கு. கிர்ஸ்ட்ல .45க்கு 5 அறை தான், ஹவல்ல 6, ஆனா ஹவல்ல கேட்டே கிடையாது, பின்னாடி மூடி மாதிரி ஒரு தட்டு, அதுல ஒவ்வொரு அறைக்கும் தோட்டாவை அடிக்கிற ஃபயரிங் பின் தனித்தனியா இருக்கும். கேட் இருந்தாலும் ஒரு நேரத்துல ஒரு அறை தான் கண்ணுக்குத் தெரியும், பேச்சு கொடுத்துக்கிட்டே சுத்தினா எங்க ஆரம்பிச்சோம்னே மறந்துடும்.
மணி தம்பி, ரெமிங்டன்ல சிலிண்டரையே கழட்டிடலாம், அதான் நல்லது. குழல் டார்கெட் பக்கம், விரல் ட்ரிக்கர்ல படாம, ஹேமர் ஹாஃப் காக். குழலுக்குக் கீழ இருக்கிற லோடிங் லீவரை இறக்கி, சிலிண்டர் நடுவுல போற பின்னை முன்னாடி இழுத்தா சிலிண்டர் வலது பக்கம் வந்துடும், சிக்குனா லேசா சுத்துங்க. தட்டை எடுத்துட்டு ஒவ்வொரு அறையா பாருங்க, வெளிச்சம் கம்மினா விரல் விட்டும் பாருங்க. சிலிண்டரை கீழ மட்டும் போட்டுடாதீங்க, தோட்டா இருந்து அந்த ஃபயரிங் பின் மேல அடிபட்டா வெடிக்க வாய்ப்பிருக்கு. ஹாஃப் காக் லோட் பண்றதுக்கான நிலை, அதை சேஃப்டினு நினைச்சு யாராச்சும் இடுப்புல சொருகினா பக்கத்துல நிக்காதீங்க.

மடிவாளா மணி:
கழட்டாம முன்னாடி இருந்து டார்ச் அடிச்சு பாத்தா தெரியாதா அண்ணா?

அல்சூர் அண்ணாச்சி:
ஐயோ சாமி, குழல் வாய்க்கு நேரா மூஞ்சியா! வேணவே வேணாம்.

எலெக்ட்ரானிக் சிட்டி வாசு:
ஒண்ணு விட்டுட்டீங்க. ஃபிரேம் பித்தளையா ஸ்டீலானு கேளுங்க, பித்தளை ஃபிரேம்ல இந்த சிலிண்டர் மாட்டவே கூடாதுனு தயாரிக்கிறவங்களே சொல்றாங்க. தோட்டாவும் கவ்பாய் லோடுனு விக்கிற பவர் கம்மியானது, ஈய புல்லட் தான். அப்புறம் லோட் பண்ணும்போது ஒரு அறையைக் காலியா விட்டு அது மேல ஹேமரை இறக்கச் சொல்லுங்க.

மடிவாளா மணி:
மச்சான்கிட்ட கேட்டேன், ஹவல் தானாம். ஃபிரேம் என்னனு கேட்டதுக்கு போட்டோ அனுப்புறேன்னு சொல்லிட்டு ஆளைக் காணோம்.