கெட்டிமேளம் முழங்கும்போது மேடையில் நிற்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தாழம்பூ எழுதியது:

வணக்கம். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு ஆட்டிசம் இருப்பது உறுதியானது. தொடர்ந்து கேட்கும் இரைச்சலை ஒருவாறு பொறுத்துக்கொள்வேன். ஆனால், பேருந்து நிலையத்தில் முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஏர் ஹாரனோ நடத்துநரின் விசிலோ ஒலித்தால் உடம்பே அதிர்ந்து, அதன்பின் வெகுநேரம் யார் என்ன சொன்னாலும் மண்டையில் ஏறுவதில்லை. அடுத்த மாதம் தம்பிக்குத் திருமணம். நாத்தனார் முடிச்சு போட வேண்டியவள் நான் என்பதால், கெட்டிமேளம் உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில் எழுந்து வெளியே போகவும் வழியில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்கிறார் அம்மா, அது உதவவில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

செவிநலம் எழுதியது:

பஞ்சு ஒலியை மிகக் குறைவாகவே தடுக்கும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் நுரை அடைப்பான்கள் மலிவானவை, நன்றாக வேலை செய்பவை. ஆனால் பெரும்பாலோர் அவற்றைப் பாதிதான் நுழைக்கிறார்கள். விரல்களால் உருட்டி மெல்லிய குச்சிபோல் ஆக்கி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே செலுத்தி, அது விரிந்து அடைக்கும் வரை விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும். இரைச்சல் நீக்கும் ஹெட்போன்கள் எஞ்சின், ஏசி போன்ற தாழ்ந்த, சீரான ஒலிகளை நன்றாகக் குறைக்கும். விசில், பட்டாசு போன்ற திடீர் ஒலிகளுக்கு அந்த மின்னணு நுட்பம் அவ்வளவாக ஈடுகொடுக்காது. உங்கள் சிக்கல் திடீர் ஒலிதான் என்பதால் விலை உயர்ந்ததை வாங்கும் முன் யோசியுங்கள். வீட்டில் அமைதியாக இருக்கும்போதும் காதை அடைத்தே வைத்திருந்தால் ஒலிக்குக் காது கூசுவது இன்னும் கூடிவிடக்கூடும். சாலையைக் கடக்கும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

எனக்கும் ஆட்டிசம்தான். எஞ்சின் முன்னால் உள்ள பேருந்துகளில் முன் இருக்கைகளையும் படிக்கட்டை ஒட்டிய இருக்கைகளையும் தவிர்த்து, நடுப்பகுதியில் உட்காருகிறேன். நிலையத்தில் பேருந்துகள் பின்னோக்கி எடுக்கும் பக்கம் நிற்பதே இல்லை.

திருமணத்தைப் பொறுத்தவரை ஒரு வசதி உண்டு: கெட்டிமேளம் சொல்லிவிட்டுத்தான் வரும். தட்டில் வைத்த தாலி சபையைச் சுற்றி ஆசி பெற்று மேடைக்குத் திரும்பும்போதே அடைப்பானைப் பொருத்திவிடலாம். தலைநிறையப் பூ வைத்துக் காதோரம் முடியைச் சற்றுத் தளர விட்டால் வீடியோவில்கூடத் தெரியாது. முடிச்சு போடும் இரு கைகளும் ஓய்வாக இருக்காது என்பதால், கடைசி நொடியில் காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். அதைவிட முக்கியமானவர் மைக்செட்காரர். தவிலுக்கு மண்டபத்துக்குள் ஒலிபெருக்கியே தேவையில்லை. ஆனாலும் அதன் முன் ஒரு மைக்கை நிறுத்தி, ஸ்பீக்கர் பெட்டியை மேடையோரத்தில் வைத்துவிடுவார்கள். முந்தின நாளே போய், பெட்டியைச் சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். மணமகனின் அக்கா சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:

மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. அடைப்பானை ஏன் மறைக்க வேண்டும்? என் மூத்த மகனுக்கு ஆட்டிசம். அவன் கோயில் திருவிழாவுக்கும் பெரிய காதுறையோடுதான் வருகிறான். முதலில் உறவினர்கள் பார்த்தார்கள், கேட்டார்கள், இப்போது யாரும் கேட்பதில்லை. மறைப்பதற்கே பாதித் தெம்பு செலவாகிவிட்டால், ஒலியைத் தாங்க என்ன மிச்சம் இருக்கும்? ஆனாலும் புதிதாக வரும் சம்பந்தி வீட்டார் முன் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. அதில் அம்மாகூடத் தலையிடக் கூடாது.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. அரசு அலுவலகத்தில் பணிபுரிகிறீர்கள் என்றால், கதவையும் தொலைபேசியையும் விட்டுத் தள்ளிய ஓர் இருக்கையை அச்சட்டத்தின் 20ஆவது பிரிவைச் சுட்டி எழுத்துமூலம் கேட்கலாம்.

தாழம்பூ எழுதியது:

மூவருக்கும் நன்றி. மைக்செட்காரரின் எண்ணை மண்டபத்தில் வாங்கிவிட்டேன். முகூர்த்தம் முடிந்ததும் சற்றுநேரம் தனியே இருக்க, மணமகள் அறைக்குப் பக்கத்தில் உள்ள சாமான் அறையின் சாவியையும் கேட்டிருக்கிறேன். நலங்கு, வரவேற்பு இரண்டில் ஒன்றை விட்டுவிடலாமா என்று தம்பியிடம் பேச வேண்டும். வரவேற்பில் மெல்லிசைக் குழு இருப்பதால், பெரும்பாலும் அதைத்தான் விடுவேன்.