யூஎஸ்ஆர் லோக்கலில் கிடக்கும் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்: எதை அழிக்கலாம்?

வணக்கம் நண்பர்களே, இரண்டு நாளாக பில்டு நின்றுகிடக்கிறது. எங்கள் சர்வர் உபுண்டு 22.04, அதனுடன் வருவது ஓப்பன்எஸ்எஸ்எல் (தகவலை மறையாக்கம் செய்யும் லைப்ரரி) 3.0. ஆனால் முன்பு யாரோ 1.1.1-ஐ சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து, கையால் நிறுவுபவை போகும் யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டரில் போட்டுவிட்டார்கள். ஜிசிசி கம்பைலர் ஹெடரை (லைப்ரரியில் உள்ள ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஃபைலை) முதலில் அங்கேதான் தேடுகிறது. லிங்க் ஆவதோ 3.0-உடன். கடைசியில் வந்து நிற்பது இதுதான்: 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு இவிபி_எம்டி_சைஸ்'. அதாவது அந்த ஃபங்ஷன் கிடைக்கவில்லை; 3.0-இல் அதன் பெயரே மாறிவிட்டது.

1.1.1-க்கான இலவச ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டதால் அதை வைத்திருக்கவே பயமாக இருக்கிறது. உபுண்டுவின் பேக்கேஜ் மேனேஜரான டிபிகேஜி-யில் பதிவு இல்லை, சோர்ஸ் ஃபோல்டரும் இல்லை. 'மேக் அன்இன்ஸ்டால்' கொடுக்க வழியில்லை. எந்த புரோகிராம் எந்த லைப்ரரியை எடுக்கிறது என்று காட்டும் எல்டிடி போட்டால் ஒரு பழைய பில்லிங் புரோகிராம் இன்னும் 1.1-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது நின்றால் கடை நின்றுவிடும்.

ஹெடர்கள், பிசி ஃபைல்கள் (லைப்ரரி எங்கே என்று பில்டுக்குச் சொல்பவை), பெயரில் பதிப்பு எண் இல்லாத எஸ்ஓ லிங்க்குகள் (லிங்க் செய்யும்போது மட்டும் தேடப்படுபவை) இவற்றை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்தி, 1.1 லைப்ரரியை அப்படியே விட்டால் போதுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.