சர்ப்ளஸ் ரைஃபிளுக்கு ‘உபரி’ வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம்.

படை இனி வேண்டாம் என்று வெளியே விட்ட துப்பாக்கியை ஆங்கிலத்தில் மிலிட்டரி சர்ப்ளஸ் ரைஃபிள் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று நம் குழுவில் பேச்சு வந்தபோது, தேவகோட்டை ஐயா ‘உபரி இராணுவத் துப்பாக்கி’ என்று எழுதியதும் நாலைந்து பேர் சரி சரி என்று சொல்லிவிட்டீர்கள். எனக்கு ஒப்பவில்லை. உபரி என்றதும் நமக்கு மேட்டூர் அணைதான் நினைவுக்கு வரும், நிறைந்த பிறகு திறந்துவிடுகிற தண்ணீர். இந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அப்படி வழிந்து வந்தவை அல்ல, வருஷக்கணக்கில் தோளில் கிடந்து தேய்ந்து, புது ரகம் வந்ததால் வெளியே அனுப்பப்பட்டவை. பிரிட்டிஷ் படை லீ-என்ஃபீல்டு ரைஃபிளை எடுத்துக்கொண்டது 1895-இல், அந்தக் குடும்பத்துத் த்ரீ நாட் த்ரீ (.303) துப்பாக்கிக்கு உத்தரப் பிரதேசப் போலீஸ் விடைகொடுத்தது 2020 குடியரசு தின அணிவகுப்பில். அவ்வளவு உழைத்ததை உபரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 1945-க்குப் பிறகு உண்மையிலேயே தேவைக்கு மேல் குவிந்து கிடந்தவையும் உண்டு, அதை மறுக்கவில்லை, ஆனால் கலைச்சொல் அந்த ஒரு வகையை மட்டும் பார்த்து அமையக்கூடாது.

பள்ளத்தூர் ஆச்சி சொன்ன ‘கழிவுத் துப்பாக்கி’ இன்னும் சிக்கல். நகராட்சி வண்டி வந்து அள்ளிப்போகிற பொருள் மாதிரி இருக்கிறது, போதாததற்குப் பழைய கடைக் கணக்கில் கழிவு என்றால் தள்ளுபடி. ‘படைகழி’ என்று சுருக்கலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். யாராவது நடுவில் ஒரு க் போட்டுப் ‘படைக்கழி’ ஆக்கினால் பட்டாளத்தான் கைத்தடி ஆகிவிடும்!

மக்கள் வாயில் இருக்கிற சொல் என்று பார்த்தால் டிஸ்போசல்தான். எங்கள் அப்பா காலத்தில் காரைக்குடிப் பக்கம் மிலிட்டரி ஜீப் ஓட்டியவர்கள் “டிஸ்போசல்ல எடுத்தது” என்பார்கள், அதாவது ஏலத்தில். அதை வைத்து ‘ஏலத் துப்பாக்கி’ என்று போடலாமா என்று நானும் ஒரு ராத்திரி யோசித்தேன். சுவிட்சர்லாந்து கெடுத்துவிட்டது. அங்கே படைப்பணி முடிந்து போகிறவர் தன் துப்பாக்கியைத் தானே வைத்துக்கொள்ள வழி இருந்தது, ஏலமே கிடையாது. அந்த ஊர் கே-31 ரகத்தை இன்று வாங்குகிறவர்கள் முதலில் பின்கட்டையின் (தோளில் பதிகிற மரக்கட்டை) அடித்தகட்டைக் கழற்றிப் பார்ப்பார்கள், உள்ளே பழைய சொந்தக்காரரின் பேரும் ஊரும் எழுதிய சின்னச் சீட்டு சில சமயம் இருக்கும். நம் பக்கம் பர்மாவிலிருந்து வந்த தேக்குப் பெட்டியைத் திறந்தால் அடியில் யாரோ எழுதிய பற்றுவரவுத் தாள் கிடைக்குமே, அந்த மாதிரி.

ஆக, எப்படி வெளியே வந்தது என்பதை விட்டுவிட்டு, படையை விட்டு வந்தது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். முதலில் ‘படைவிடு துப்பாக்கி’ என்று எழுதினேன். தட்டச்சில் ஒரு சுழி மாறினால் படைவீடு, முருகன் கையில் வேலுக்குப் பதில் துப்பாக்கி. அதனால் என் பரிந்துரை ‘படைநீங்கு துப்பாக்கி’. வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். படைநீங்கு ஜீப், படைநீங்கு சட்டை, படைநீங்கு சாமான் கடை என்று பிள்ளைகுட்டியும் பெறும், ஏலத் துப்பாக்கிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

துப்பாக்கி என்ற பொதுச்சொல்லே இங்கே போதும், ரைஃபிளுக்கான ‘புரிதுப்பாக்கி’யை (குழலின் உள்சுவரில் முறுக்கு வரி, அதாவது புரி, உள்ளது) இதில் கோக்க வேண்டாம். காரணம் வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கி ஆலை. அந்த ஆலையில் .303 துப்பாக்கிகள் சிலவற்றின் குழலைக் கடைந்து புரியை எடுத்துவிட்டு, .410 அளவில் போலீசுக்கும் காவலுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். பார்த்தால் லீ-என்ஃபீல்டு, உள்ளே வழவழ. புரியே இல்லாததைப் புரிதுப்பாக்கி என்பதா?

புரி என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கயிற்றுப் புரி, பூணூலின் முப்புரி, குழலுக்குள் தோட்டாவைச் சுழற்றிவிடும் புரி, எல்லாம் ஒரே முறுக்கு. லீ-என்ஃபீல்டில் வழக்கமாக ஐந்து புரி, இடப்பக்கம் சுழலும். ஜெர்மன் மவுசருக்கும் ருஷ்ய மோசின்-நகாண்டுக்கும் நான்கு, வலப்பக்கம். சங்குக்கு இருக்கிற சொல்லையே எடுத்து இடம்புரிக் குழல், வலம்புரிக் குழல் என்று எழுதிவிடலாம், புதிதாக எதையும் கட்ட வேண்டாம். சுடுகிறவர் பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு வரி விளக்கம் மட்டும் சேர்த்தால் போதும்.

“நம் ஊரில் யார் இதைச் சேகரிக்கிறார்கள், சொல் எதற்கு?” என்று கேட்டவருக்கு: துப்பாக்கியாகச் சேர்க்க முடியாதுதான். .303 தடைசெய்யப்பட்ட குழல் அளவு, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் உள்ளவரே பொதுவாக இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆனால் அதன் சில்லறைச் சாமான்கள் எப்படியோ வந்து சேர்கின்றன. போன வருஷம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழம்பொருள் கடையில், பித்தளைக் குப்பி ஒன்றைப் பார்த்தேன், விரல் நீளம், திருகு மூடி, மூடியோடு ஒட்டிய குட்டிக் கரண்டி. “ஆச்சி காலத்துக் கண்மைக் குப்பிண்ணே, கரண்டிய பாருங்க” என்றார் கடைக்காரர். லீ-என்ஃபீல்டின் பின்கட்டைக்குள் வைக்கிற எண்ணெய்க் குப்பி அது. நான் வாயைத் திறக்கவில்லை, கண்மை விலைக்கே வாங்கி வந்தேன்.

அதை ‘எண்ணெய்க் குப்பி’ என்றே பதியலாம், ‘மசகுக்கலன்’ எல்லாம் வேண்டாம், கேட்டாலே வழுக்குகிறது. பாக்கி இருப்பது ‘மேட்சிங் நம்பர்ஸ்’. போல்ட்டிலும் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற தண்டு) உடலிலும் ஒரே எண் பொறித்திருந்தால் விலை ஏறும், எண் மாறியிருந்தால் இறங்கும். ‘எண்ணொத்த’ என்று எழுதி வைத்திருக்கிறேன், படிக்கும்போது நாக்கு தட்டுகிறது. ஆச்சி, இதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?